அரண்மனையோடு போனதும் சட்டியோடு தங்கினதும்

அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த சாடித் துண்டுகளில் ஒரு வகைக்குக் கைப்பிடி கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். இரண்டு மண் உருளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரே கைப்பிடியாக வளைத்திருப்பார்கள். இந்த இரட்டைக் கைப்பிடியைப் பார்த்ததுமே ஆராய்ச்சியாளர்கள் கோஸ் தீவின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். இன்றைய துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிற சின்ன கிரேக்கத் தீவு அது. அங்கேயும், அந்தப் பாணியைப் பார்த்துச் செய்த மற்ற ஊர்களிலும், திராட்சை மதுவை ஊற்றி, வாயை அடைத்து, கப்பலில் ஏற்றி அனுப்பிய சாடிகள் இவை. எங்கேயோ பிழிந்த மது நம்ம அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் வந்து இறங்கியிருக்கிறது. வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ வண்டியை எடுத்தால் அரைமணி நேரத்தில் அந்த இடத்துக்குப் போய்விடலாம். போனால் பார்க்க அதிகம் ஒன்றும் இருக்காது, அது வேற விஷயம். மாந்தோப்பு, பழைய செங்கல் சுவர், ஆத்துக் காற்று. அவ்வளவுதான்.

யவனர் என்றாலே நமக்கு ஒரு படம் மனசில் வரும். பெரிய கப்பல், பொற்காசு, மிளகு வாங்க வந்த பணக்காரன். ஆனா இந்த யவனர்களின் முன்னோர்கள் ஒரு காலத்தில் எழுதப் படிக்கவே மறந்துபோனவர்கள் என்று சொன்னால் நம்புவீங்களா? ஒருத்தர் இரண்டு பேர் இல்லை. கிரேக்க நாடு முழுக்க, கிட்டத்தட்ட நானூறு வருஷம். அதிலிருந்து எழுந்து வந்தபோது அவர்கள் கையில் இருந்த முக்கியமான சரக்குகளில் ஒன்று விளையாட்டுப் போட்டி. இந்தக் கதையைப் படிக்கிறப்பல்லாம் நம்ம ஊர்க் கதை குறுக்கே வந்து நிற்கிறது. நமக்கும் ஒரு 'இருண்ட காலம்' இருக்கே! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அவங்க கதை.

கி.மு. 1300 வாக்கில் கிரேக்க நாட்டில் மைசீனி, பைலோஸ், டிரின்ஸ், தீப்ஸ் என்று பெரிய அரண்மனைகள் இருந்தன. அரண்மனை என்றால் ராஜா தூங்குகிற இடம் மட்டும் இல்லை. நம்ம ஊர் தாலுகா ஆபீஸ், சிவில் சப்ளைஸ் குடோன், நெசவு சொசைட்டி எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கிற மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. எந்தக் கிராமத்தில் எத்தனை ஆடு, எந்தக் கொல்லனுக்கு எவ்வளவு வெண்கலம் கொடுத்தோம், நெசவுப் பெண்களுக்கு எத்தனை படி தானியம் அளந்தோம், எல்லாத்துக்கும் கணக்கு. அந்தக் கணக்கை ஈரக் களிமண் பலகையில் கீறி வைத்தார்கள். அந்த எழுத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் லீனியர் பி. அதை 1952-இல் படித்துக் காட்டியவர் மைக்கேல் வென்ட்ரிஸ். தொழிலில் கட்டடக் கலைஞர். பொழுதுபோக்காக ஆரம்பித்து, பேராசிரியர்கள் திணறின விஷயத்தை முடித்துக் காட்டிய மனுஷன்.

கி.மு. 1200-ஐ ஒட்டிச் சில பத்தாண்டுகளுக்குள் இந்த அரண்மனைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பல இடங்களில் தீ. ஏன் என்பதற்கு ஒரே ஒரு பதில் கிடையாது. பூகம்பம் என்கிறார்கள், நீண்ட வறட்சி என்கிறார்கள், உள்நாட்டுக் கலகம் என்கிறார்கள், கடல் வழியாக வந்த கொள்ளைக் கூட்டம் என்கிறார்கள். அதே காலத்தில் துருக்கிப் பக்கம் ஹிட்டைட் பேரரசு காணாமல் போனது. எகிப்தில் மூன்றாம் ராமசேஸ் கடலோடிகளோடு சண்டை போட்டதைக் கோயில் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறான். ஒன்றையொன்று நம்பி நின்ற சீட்டுக்கட்டு வீடு, ஒரு சீட்டு சரிந்ததும் மொத்தமும் சரிந்தது என்று வைத்துக்கலாம்.

இதில் வேடிக்கை ஒன்று. அந்தக் களிமண் பலகைகள் சுட்டு வைக்கப்பட்டவை இல்லை. வருஷ முடிவில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்துகிற பச்சைப் பலகை. அரண்மனை எரிந்தபோது அந்தத் தீயிலேயே சுட்டுக் கெட்டியாகி, மூவாயிரம் வருஷம் தாங்கிவிட்டன. அரண்மனை அழிந்த நாள்தான் அதன் கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றிய நாள்.

ஆனா எழுத்து போய்விட்டது. காரணம் சுலபம். அந்த எழுத்து தெரிந்தவர்கள் அரண்மனைக் கணக்கப்பிள்ளைகள் மட்டும்தான். விவசாயிக்குத் தெரியாது, குயவனுக்குத் தெரியாது, மாலுமிக்குத் தெரியாது. அரண்மனை போச்சு, ஆடு எண்ண ஆள் வேண்டாம், கணக்கப்பிள்ளைக்கு வேலை இல்லை. அவர் பையனுக்கு அவர் எதுக்குச் சொல்லித்தரணும்? இரண்டு தலைமுறையில் கதை முடிந்தது. ஊர்கள் சுருங்கின. கல் கட்டடம் கட்டுவது நின்றது. தூரதேசத்துச் சரக்கு அபூர்வமானது.

இதைத்தான் 'கிரேக்க இருண்ட காலம்' என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். இப்போது அந்தப் பெயரைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் லெஃப்கண்டி என்ற ஊர். 1980, 81-இல் அங்கே தோண்டினபோது சுமார் 50 மீட்டர் நீளத்தில் ஒரு கட்டடம் வெளியே வந்தது. காலம் கி.மு. 950-ஐ ஒட்டி. அதாவது நட்ட நடு இருட்டில்! உள்ளே ஒரு வீரனின் அஸ்தி சைப்ரஸிலிருந்து வந்த பழைய வெண்கலப் பாத்திரத்தில். பக்கத்தில் தங்க நகைகளோடு ஒரு பெண். அடுத்த குழியில் நான்கு குதிரைகள். இருட்டு என்று நாம சொன்னது பாதி நம்ம கண்ணில் இருந்த இருட்டு. எழுதி வைக்காதவன் வாழவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த நானூறு வருஷத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. வெண்கலத்துக்குத் தாமிரமும் வெள்ளீயமும் வேண்டும், இரண்டும் கப்பலில் வரணும். இரும்பு பல ஊர்களில் பக்கத்து மலையிலேயே கிடைக்கும். பெரிய வணிகம் இல்லாமலேயே உள்ளூர்க் கொல்லன் ஆயுதமும் கலப்பையும் அடிக்கலாம் என்ற நிலை வந்தது. அரண்மனை இல்லாத சின்னச் சின்ன ஊர்கள் தங்கள் காலில் நிற்கப் பழகின.

கி.மு. 800 வாக்கில் எழுத்து திரும்ப வந்தது. ஆனா பழைய எழுத்து இல்லை. ஃபினீசிய வணிகர்களிடம் இருந்த இருபத்திச் சொச்சம் எழுத்தை வாங்கி, அதில் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். லீனியர் பி-க்கு எண்பதுக்கும் மேற்பட்ட அசைக்குறிகள், அதுபோகப் படக்குறிகள். புதுசு அப்படி இல்லை. ஒரு குயவன் சில வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

சரி, புது எழுத்து கைக்கு வந்ததும் முதலில் என்ன எழுதினார்கள்? ஆட்டுக் கணக்கா? இல்லை! ஏதென்ஸில் 1871-இல் கிடைத்த ஒரு மதுக்குடம், கி.மு. 740-ஐ ஒட்டியது. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கிரேக்க எழுத்துகளில் ஒன்று அதன் மேல் கீறப்பட்டிருக்கிறது. சேதி என்ன தெரியுமா? நடனப் போட்டியில் நன்றாக ஆடினவருக்கு இந்தக் குடம் பரிசு, இவ்வளவுதான். எழுத்தை மறந்த ஜனங்கள் திரும்ப எழுதக் கற்றதும் எழுதி வைத்ததில் ஒன்று பரிசுக் கோப்பை! நம்ம ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாவில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அதே சங்கதி.

இதே காலத்தில்தான் ஹோமரின் இலியத் உருவாகிறது. அதன் 23-ஆம் காண்டம் முழுக்கக் கிட்டத்தட்ட விளையாட்டுதான். பெட்ரோக்ளஸ் செத்துப்போகிறான். நண்பன் அகிலிஸ் அவனை எரித்துவிட்டு, அங்கேயே தேர்ப்பந்தயம், குத்துச்சண்டை, மல்யுத்தம், ஓட்டம் என்று நடத்துகிறான். பரிசாகக் கொப்பரை, முக்காலி, குதிரை, ஒரு பெரிய இரும்புக் கட்டி. சாவு வீட்டில் விளையாட்டா என்று நமக்குத் தோன்றும். அவங்களுக்கு அதுதான் மரியாதை. போனவன் வீரன், அவன் நினைவாக வீரத்தைக் காட்டு.

அப்புறம் ஒலிம்பியா. முதல் போட்டிக்குக் கி.மு. 776 என்ற கணக்கைக் கொடுத்தது எலிஸ் ஊர்க்காரர் ஹிப்பியாஸ் தொகுத்த வெற்றியாளர் பட்டியல். அவர் தொகுத்தது சுமார் முந்நூற்றைம்பது வருஷம் கழித்து, அதனால் அந்த வருஷத்தை அப்படியே நம்ப முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. ஒலிம்பியாவில் கூட்டத்துக்குத் தண்ணீர் தரக் கிணறுகள் வெட்ட ஆரம்பித்தது கி.மு. 700-ஐ ஒட்டித்தான். அதனால் பெரிய அளவில் ஜனங்கள் கூடினது அப்போதுதான் என்பது அவர்கள் வாதம். எப்படியோ, பட்டியல்படி முதல் வெற்றியாளர் கொரோய்பஸ். தொழில், சமையல்காரர்! ராஜா இல்லை, தளபதி இல்லை. ஓடினது சுமார் 192 மீட்டர். முதல் பதின்மூன்று போட்டிக்கும் அந்த ஒரே ஒரு ஓட்டம்தான். 724-இல் இரட்டை ஓட்டம், 720-இல் நீண்ட ஓட்டம், 708-இல் மல்யுத்தமும் ஐந்து விளையாட்டுத் தொகுப்பும், 688-இல் குத்துச்சண்டை, 680-இல் தேர்ப்பந்தயம் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள்.

பரிசு ஒரு ஆலிவ் இலைக் கிரீடம். அவ்வளவே. (ஊருக்குத் திரும்பினால் கதை வேற. ஏதென்ஸில் சோலோன் காலத்தில் ஒலிம்பியாவில் ஜெயித்தவனுக்கு 500 திராக்மா என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இலைக்கு மேலே இலையில் சாப்பாடும் உண்டு!) நல்ல கோடையில் நடக்கும். வெயில், புழுக்கம், ஈ. ஈயை விரட்டுவதற்கென்றே சீயஸ் கடவுளுக்குத் தனியாக ஒரு பூசை போட்டார்கள் என்றால் பார்த்துக்கோங்க. ஆனாலும் கடல் தாண்டி ஜனம் வந்தது. போட்டிக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் யாரும் தொடக்கூடாது என்று ஒரு ஒப்பந்தம். ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான ஊர்கள் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே மைதானத்தில் நின்றன.

இங்கேதான் முக்கியமான விஷயம். கிரேக்கர்களுக்குப் பொதுவான ராஜா கிடையாது, பொதுவான தலைநகர் கிடையாது, பொதுவான காலண்டர்கூடக் கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வருஷக் கணக்கு. பிற்காலத்தில் சரித்திரம் எழுதினவர்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி வருஷம் சொல்ல எதைப் பிடித்தார்கள்? ஒலிம்பியாப் போட்டியை. இத்தனையாவது ஒலிம்பியாட், அதில் இத்தனையாவது வருஷம். யார் ஓடி ஜெயித்தான் என்பதை வைத்துக் காலத்தை எண்ணின சமுதாயம் அது. அரண்மனை செய்த வேலையை மைதானம் செய்தது.

ரொம்பத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அடிமைக்கு அங்கே ஓட உரிமை இல்லை. கல்யாணமான பெண்ணுக்குப் பார்க்கக்கூட அனுமதி இல்லை. கிரேக்க மொழி பேசாதவன் வெளியே. அந்தக் காலத்திலேயே செனோஃபனீஸ் என்ற அறிஞர், ஓடத் தெரிந்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை யோசிக்கத் தெரிந்தவனுக்குக் கிடைப்பதில்லையே என்று கோபப்பட்டிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கு. ஆனா ஒரு தமாஷ் பாருங்க. பிளேட்டோ பாடம் நடத்தின அகாடமியும், அரிஸ்டாட்டில் நடத்தின லைசியமும் உடற்பயிற்சிக் கூடங்கள் இருந்த இடங்கள். பசங்க கூடுகிற இடத்துக்கு வாத்தியார் தேடிப் போயிருக்கிறார்.

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானிய மட்பாண்டத்தை வைத்து, தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்கைப் போட்டுக் கொடுத்தார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினபோது, யவனர் சரக்கு வருவதற்கு முன்பே அது உள்ளூர்க்காரர்களின் ஊர் என்பது உறுதியானது. நம்மாளுங்க முதலிலேயே மணி கோத்துக்கொண்டும் சட்டி வனைந்துகொண்டும் இருந்தார்கள். யவனர் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அப்புறம் அந்த வணிகம் மெல்லக் குறைந்தது. சங்கப் பாட்டில் பார்த்த சேர சோழ பாண்டியர் பெயர்கள் மங்குகின்றன. சுமார் மூன்று நூற்றாண்டு. களப்பிரர் காலம், 'இருண்ட காலம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். களப்பிரன் வந்து பழைய உரிமைகளைப் பறித்தான், கடுங்கோன் என்ற பாண்டியன் மீட்டான் என்று வேள்விக்குடிச் செப்பேடு சொல்கிறது. அது எழுதப்பட்டது கி.பி. 8-ஆம் நூற்றாண்டில், தானமாகப் பெற்ற ஊரைத் திரும்பக் கேட்டவர்கள் தரப்பில். நிலத் தகராறில் ஒரு பக்கத்து வக்கீல் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதின மாதிரி.

கிரேக்கர்களுக்கு நடந்தது நமக்கும் நடந்ததா? எழுத்து போச்சா? போகலை! இதுதான் நான் சொல்லவந்த வித்தியாசம்.

அரிக்கமேட்டு ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கீறல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆட்களின் பெயர். சட்டி யாருடையது என்று தெரியணும் இல்லையா, அதுக்கு. பக்கத்துத் தமிழகத்தில் கொடுமணல், கீழடி என்று போய்ப் பார்த்தாலும் இதே கதை. சட்டி பானையில் பெயர் கீறுகிற அளவுக்கு எழுத்து ஜனங்களிடம் இறங்கியிருந்தது. அரண்மனைக் கணக்கப்பிள்ளையின் ரகசியமாக அது இல்லை. அதனால் ராஜா போனாலும் எழுத்து போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி வட்டெழுத்து ஆனது. சிவகங்கைப் பக்கம் பூலாங்குறிச்சிப் பாறையில் இருக்கிற கல்வெட்டைப் பொதுவாகக் கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். 'இருட்டு' என்று சொன்ன காலத்தில் நீளநீளமாக அரசாணை செதுக்கியிருக்கிறார்கள். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் பலவற்றை அறிஞர்கள் இந்தக் காலத்தில்தான் வைக்கிறார்கள். நம்ம காரைக்கால் அம்மையாரையும் பலர் இதன் கடைசிப் பகுதிக்குத்தான் கொண்டுவருகிறார்கள்.

லெஃப்கண்டி மாதிரி நமக்கும் ஒரு சாட்சி உண்டு. நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் கி.மு. காலத்தவை. தமிழ் பிராமி எழுத்து. மாடு பிடிக்கிற சண்டையில் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். அங்கிருந்து நம்ம பக்கம் செங்கம் வட்டாரத்துக்கு வாங்க. பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் வரிசையாக இருக்கின்றன. எடத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்கே ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். எஜமானன் விழுந்த பிறகும் கள்ளனைக் கடித்து நின்ற நாய். மகேந்திரவர்மன் ஆண்ட காலம் என்று கல்லில் இருக்கிறது. ஆனா அது ராஜா நட்ட கல் இல்லை, ஊரார் நட்டது. இறந்த வீரனுக்குக் கிரேக்கன் ஓடிக் காட்டினான், தமிழன் கல் நட்டுப் படையல் போட்டான். இரண்டும் ஒரே மனசுதான்.

விளையாட்டும் நமக்குப் புதுசு இல்லை. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவுவது விரிவாக வருகிறது. மல்யுத்தத்துக்குப் புறநானூறு. போரவைக்கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன், அப்பன் தித்தனோடு பகை. ஆமூர் மல்லனோடு களத்தில் இறங்கி அவனை வீழ்த்துகிறான். அதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். நக்கண்ணையார் என்ற பெண் புலவர் அவன் மேல் காதலாகிப் பாடிய பாட்டுகளும் அங்கேயே இருக்கின்றன. ஒரு கோ மகன் ஊர் மல்லனோடு சமமாக மண்ணில் புரண்டிருக்கிறான் என்பதைக் கவனிங்க. கொரோய்பஸ் சமையல்காரராக இருந்தாற்போல!

அப்புறம் மீட்சி. 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிம்மவிஷ்ணு, அவன் மகன் மகேந்திரவர்மன். விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் செய்தேன் என்று மகேந்திரன் கல்வெட்டு வைத்தான். அதைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தவர் புதுச்சேரியில் வாழ்ந்த ழூவோ துப்ரோய். அதே ஆள்தான் 1930-களில் அரிக்கமேட்டின் அருமையையும் எடுத்துச் சொன்னவர். மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மனுக்குப் பட்டப்பெயர் என்ன? மாமல்லன். பெரிய மல்லன்! எழுந்து நின்ற அரசு தன்னை அழைத்துக்கொண்ட பெயர் ஒரு பயில்வான் பெயர். கி.பி. 642-இல் வாதாபியைப் பிடித்தவன், மாமல்லபுரத்துக்குத் தன் பெயரைத் தந்தவன்.

ஆனா இங்கே நம்ம பாதை கிரேக்கப் பாதையிலிருந்து பிரிகிறது. 'மல்லன்' என்பது ராஜாவின் பட்டமானது. ஊர் மல்லன் பெயர் கல்லில் ஏறவில்லை. யார் எந்த வருஷம் ஜெயித்தான் என்று யாரும் பட்டியல் போடவில்லை. எழுத்து நம்ம ஜனங்களிடம் இருந்தது, விளையாட்டும் இருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிற ஒலிம்பியா நமக்கு இல்லை. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் உண்டு, மாட்டை அடக்கி உயிரோடு வீட்டுக்குப் போனவனுக்குக் கல் இல்லை!

அதுக்குப் பதிலாக நாம என்ன கட்டினோம் என்று கேட்டால், பதில் பாகூரிலேயே இருக்கிறது. 1879-இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டு, 9-ஆம் நூற்றாண்டு. மூன்று கிராமங்களின் வருமானத்தை பாகூர் வித்யாஸ்தானத்துக்கு எழுதி வைத்த ஆவணம். வித்யாஸ்தானம் என்றால் கல்விச்சாலை. ஏதென்ஸில் மைதானத்துக்குப் பக்கத்தில் கல்வி வளர்ந்தது, பாகூரில் ஏரிப் பாசன வயலின் வரும்படியில் வளர்ந்தது. அங்கே படித்தவர்கள் யார், யாருக்கு வாசல் அடைத்திருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். வேத சாஸ்திரம் படிக்கிற பிராமணர்களுக்கான இடம் அது. வயலில் இறங்கினவன் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. சட்டியில் பெயர் கீறின காலத்தைவிட ஒரு படி சுருங்கின எழுத்து என்றுகூடச் சொல்லலாம்.

ஊர்களை ஒன்று சேர்க்கிற வேலையைக் கோயில் திருவிழா எடுத்துக்கொண்டது. திருக்காஞ்சியில் மாசி மகத்துக்குச் சங்கராபரணி ஆற்றங்கரையில் எத்தனை ஊர்ச் சாமிகள் வந்து இறங்குகின்றன! வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்தார், அந்த வழக்கம் இன்றைக்கும் ஆட்சியில் இருப்பவர்கள் வடம் தொட்டுத் தொடங்கி வைப்பதாகத் தொடர்கிறது. ஒலிம்பியாவும் அடிப்படையில் ஒரு கோயில் திருவிழாதான், சீயஸ் கோயில் திருவிழா. அங்கே திருவிழாவின் நடுவில் ஓட்டப்பந்தயம் உட்கார்ந்தது. இங்கே தேர் உட்கார்ந்தது. விளையாட்டு ஓரத்தில் நின்றது. வழுக்கு மரம், உறியடி, சிலம்பம், பிறகு கபடி. ஓரத்தில் நின்றாலும் சாகவில்லை. அதற்கு ராஜா மானியம் கொடுக்கவில்லை, செப்பேடு எழுதவில்லை. அறுவடை முடிந்த களத்துமேடு இருந்தது, சாயங்காலம் இருந்தது, பசங்க இருந்தாங்க. போதும்.

இரண்டு கதையையும் கூட்டிக் கழித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு சமுதாயம் விழும்போது எது தப்பும் என்பதை அந்தப் பொருளின் பெருமை தீர்மானிப்பதில்லை. அது எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. பைலோஸ் அரண்மனையின் எழுத்து கொஞ்சம் கணக்கப்பிள்ளைகள் கையில் மட்டும் இருந்தது, அரண்மனையோடு எரிந்தது. அரிக்கமேட்டு எழுத்து குயவன் கையிலும் வியாபாரி கையிலும் இருந்தது, கப்பல் நின்ற பிறகும் தங்கியது. கிரேக்கர்கள் விழுந்த பாடத்தில் கற்றார்கள் என்று வைத்துக்கலாம். இரண்டாவது தடவை எழுத்தையும் போட்டியையும் நாலு பேர் நடுவில் வைத்தார்கள். ரோம் வந்து ஆண்ட பிறகும் அவர்கள் மைதானம் நடந்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேரரசன் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடை செய்த காலம் வரைக்கும், ஆயிரம் வருஷத்துக்கு மேல்.

இதை இன்றைக்கு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்குப் பொருத்திப் பார்க்கிறபோதுதான் கொஞ்சம் திக்கென்கிறது. நான் சின்ன வயசில் பார்த்த களத்துமேடுகளில் பல இப்போது கலர் கலராகக் கல் நட்ட மனைகள். அறுப்பு மிஷின் வந்தபிறகு களம் எதுக்கு என்று கேட்கிறார்கள். நெல் அடிக்க வேண்டாம், சரி. ஆனா அந்த இடத்தில் நெல் மட்டுமா அடித்தோம்? கோடு கிழித்துக் கபடி ஆடினது அங்கே. சிலம்பக் கம்பு சுற்றினது அங்கே. தெருக்கூத்து விடிய விடிய நடந்தது அங்கே. பத்திரத்தில் அது வெறும் புறம்போக்கு அல்லது யாரோ ஒருவரின் பட்டா. ஊருக்கு அது அகாடமி.

விளையாட்டே அழிந்துபோகும் என்று நான் பயப்படவில்லை. நகரத்தில் ஸ்டேடியம் இருக்கிறது, பணம் கட்டினால் கோச்சிங் இருக்கிறது, டிவியில் கபடி லீகே ஓடுகிறது. என் பயம் அது இல்லை. எல்லார் கையிலும் இருந்த ஒன்று மெல்லச் சில பேர் கைக்குப் போகிறதே, அதுதான். அப்படிப் போன பொருளுக்கு என்ன ஆகும் என்பதற்குப் பைலோஸின் சுட்ட களிமண் பலகை சாட்சி. விடியற்காலையில் பாகூர் ஏரிக்கரையில் போலீஸ் செலக்‌ஷனுக்காக ஓடுகிற பசங்களைப் பார்த்திருப்பீங்க. கரையில் ஓடுகிறார்கள், ஏனென்றால் ஓட வேற இடம் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கரையும் சுலபமாகக் கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. இரண்டு சின்ன விஷயம் தோன்றுகிறது. ஒன்று, ஊரில் மிச்சம் இருக்கிற ஒரு களத்தையாவது, ஒரு திடலையாவது, இது ஊர்ப்பொது என்று கிராமத்தார் கூடி எழுத்தில் வைத்துவிடணும். நம்ம சனத்துக்கு எழுத்தின் பலம் ரெண்டாயிரம் வருஷமாகத் தெரியும். இன்னொன்று, ஹிப்பியாஸ் செய்த வேலை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கிற போட்டியில் யார் ஜெயித்தது, எந்த வருஷம், எந்த ஊர் டீம், கேப்டன் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் நாற்பது ஐம்பது வருஷத்துக் கபடிக் கதை வாய் ஓயாமல் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதணும். ஒரு நோட்டு, ஒரு பேனா, பத்து ரூபாய், இருபது ரூபாய் செலவு.

உங்க ஊரில் முதன்முதலில் கபடிக்கு ஷீல்டு வாங்கின டீம் எது, அதில் பாடிப்போனவர் யார் என்று இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தாத்தாவிடம் கேட்டுப் பாருங்க. அவர் சமையல்காரராக இருந்தாலும் ஆச்சரியப்படாதீங்க.